டெண்டா (கோர்ட் போடுற அபராதம்) கட்ட காசு இல்லையா? முதல் தடவ கோர்ட்டுக்குப் போற தோட்டத்து ஆளுங்களுக்கு

தோட்டத்துல நெறைய பேருக்கு கோர்ட்டுன்னா ரெண்டே முடிவுதான் தெரியும், காசு கட்டிட்டு வீட்டுக்கு வர்றது, இல்லன்னா காசு இல்லாம உள்ள போறது. நடுவுல நாலஞ்சு வழி சட்டத்துலயே இருக்கு, ஆனா அது தானா நம்மகிட்ட வராது, வாயத் தொறந்து கேக்கணும், அதுவும் சரியான நேரத்துல, கையில பேப்பரோட. இத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நான் லாயர் இல்ல, பீடோர் தாப்பா பக்கம் ஆளுங்க கூப்பிட்டா கோர்ட்டுக்கு கூடப் போயி நிக்கிறவன், அவ்ளோதான். நம்ம பேராக் பக்கத்த மனசுல வச்சு எழுதினாலும் தீபகற்ப மலேசியாவுல மத்த இடத்துலயும் சட்டம் இதேதான்.

ஏன் நம்ம ஆளுங்களுக்கு இது பெரிய விஷயம்னா, லெசென் இல்லாம மோட்டர் ஓட்டுன கேஸ எடுத்துக்குங்க, சட்டத்துல 300லருந்து 2,000 வெள்ளி வரைக்கும் டெண்டா, இல்லன்னா மூனு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். குறைஞ்சபட்ச சம்பளம் 2025லருந்து 1,700 வெள்ளி. டவுன்ல கட வச்சிருக்கிற தவுக்கே மகனுக்கு 2,000 போட்டா கார்ட நீட்டிட்டு மத்தியான சாப்பாட்டுக்குப் போயிருவான், செம்பனை வெட்டுற ஆளுக்கு அதே 2,000 ஒரு மாச சம்பளத்துக்கும் மேல. ஒரே தப்பு ஒரே டெண்டா, ஆனா ஒருத்தர்தான் உள்ள போறாரு. ஜெர்மனி, பின்லாந்து மாதிரி நாட்டுல அவங்கவங்க ஒரு நாள் வருமானத்த வச்சு அபராதம் போடுற முறை இருக்கு, நம்ம ஊர்ல அது கெடயாது, அதனால நம்ம வருமானம் என்னன்னு நாமதான் மாஜிஸ்திரேட்டுக்கு காட்டணும்.

உள்ள போனா டெண்டாவோட முடியாது. ரெண்டு நாளைக்கு மேல தொடர்ந்து சொல்லாம கொள்ளாம வேலைக்கு வரலன்னா ஒப்பந்தத்த முறிச்ச மாதிரின்னு வேலைச் சட்டம் 1955ல இருக்கு. தோட்டத்துல வேலை போனா லயத்து வீடும் கூடவே போயிடும், பிள்ளைங்க ஸ்கூல், அம்மாவோட ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட் எல்லாம் அந்த வீட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு. 1,500 வெள்ளிக்காக ஒரு குடும்பமே எடம் மாறுறத பாத்தா வயிறு எரியும்.

கையில இருக்கிறது என்ன பேப்பர்?

மொதல்ல இத பாருங்க. கொம்பாவுன்னா, சம்மன் குடுத்த ஆபீஸ் "இவ்ளோ கட்டிரு, கோர்ட்டுக்கு இழுக்க மாட்டோம்"னு சொல்ற மாதிரி. அத கட்டலன்னா யாரும் நேரா ஜெயிலுக்கு கூட்டிட்டு போக மாட்டாங்க, கேஸ் கோர்ட்டுக்குப் போகும், அங்க மாஜிஸ்திரேட் போடுறதுதான் டெண்டா, அத கட்டலன்னாதான் ஜெயில். அதனால கொம்பாவுன்லயே முடிக்க முடிஞ்சா முடிச்சிருங்க, குறைக்கச் சொல்லி அந்த ஆபீஸ்லயே மனு குடுக்கலாம். 2021ல பிகேபி (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) நேரத்துல கொம்பாவுன் 10,000 வெள்ளி வரைக்கும் ஏத்துனாங்களே, அப்பக்கூட மனு குடுத்தவங்களுக்கு குறைஞ்சிச்சு, லெட்டர டிராயர்ல போட்டு மூடுனவங்களுக்கு ஒன்னும் குறையல. போலீஸ் சம்மன் மைபாயார் பிடிஆர்எம் ஆப்ல தெரியும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் மைஜேபிஜே ஆப்ல தெரியும், போன் பாக்கத் தெரியாத பெரியவங்களுக்கு வீட்டுப் பிள்ளைங்க பாத்துக் குடுங்க.

பிரிட்ஜு, மோட்டர் தவணை பாக்கின்னு வர்ற லெட்டர் வேற கதை, அது சிவில் கடன். கலெக்‌ஷன் ஆளு போன்ல "நாளைக்கு போலீஸ் வரும்"னு சொல்றத நம்பி ஆலோங் (கந்துவட்டிக்காரன்) கிட்ட ஓடாதீங்க. ஆனா கோர்ட் முத்திரையோட வந்தா அதையும் தூக்கிப் போடாதீங்க, யாருகிட்டயாவது காட்டிப் படிங்க.

தேதிய விடாதீங்க

காசு இல்லன்னு பயந்து கோர்ட்டுக்கே போகாம இருக்கிறதுதான் நம்ம பக்கம் அதிகம் நடக்குது. காசு இல்லாம கோர்ட்டுல நிக்கிறது தப்பே இல்ல, வராம இருக்கிறதுதான் வாரன்ட்டுல போயி முடியும். வாரன்ட் விழுந்துட்டா எங்கயாவது ரோட் பிளாக்ல ஐசி (அடையாளக் கார்டு) தட்டிப் பாக்கும்போது புடிச்சு லோக்காப்ல போடுவாங்க, அப்ப கையில பேப்பரும் இருக்காது, கூட ஆளும் இருக்காது. உடம்பு சரியில்லன்னா கவர்மென்ட் கிளினிக் எம்சி எடுத்து அன்னைக்கு காலையிலயே வீட்டு ஆளு யாராவது கோர்ட்டுல கொண்டுபோய் குடுங்க. சம்மன் வந்து வருஷக்கணக்கா ஆச்சு, வாரன்ட் இருக்குமோன்னு சந்தேகமா இருந்தா புடிக்கிற வரைக்கும் காத்திருக்காம லாயரோட நீங்களே கோர்ட்டுக்குப் போயி நில்லுங்க, தானா வந்தவரு இழுத்துட்டு வந்தவருன்னு ரெண்டு பேரையும் மாஜிஸ்திரேட் ஒரே மாதிரி பாக்க மாட்டாங்க.

லாயருக்கு காசு வேணாம், கேட்டா போதும்

புடிச்சிட்டாங்கன்னா வாக்குமூலம் எடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்கும் லாயருக்கும் போன் பண்ண உரிமை இருக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் செக்‌ஷன் 28ஏ. ஒய்பிஜிகேன்னு சொல்ற யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான் (தேசிய சட்ட உதவி அறவாரியம்) மூலமா வசதி இல்லாத மலேசியப் பிரஜைகளுக்கு கிரிமினல் கேஸ்ல லாயர் கெடைப்பாங்க, ரிமாண்டுக்கு கொண்டு வர்றப்பவே கேக்கலாம். ஜபாத்தான் பந்துவான் குவாமான் (சட்ட உதவி இலாகா) ஆபீஸும் இருக்கு, அது அரசாங்கத்தோடது, குற்றத்த ஒத்துக்கிட்டு தண்டனைய குறைக்கச் சொல்லி பேசுறதுக்கு அவங்களும் வருவாங்க. இது ரெண்டும் இல்லாம லாயருங்க சங்கத்தோட இலவச சட்ட உதவி மையமும் இருக்கு. காலையில கோர்ட் கவுன்டர்ல "இன்னைக்கு ஒய்பிஜிகே லாயர் யாராவது இருக்காங்களா"ன்னு கேளுங்க, இன்னொரு கேஸுக்கு வந்து காரிடார்ல நிக்கிறவரே உங்களுக்கும் பேசிட்டுப் போவாரு.

இந்த எடத்துல ஒரு கொறையும் சொல்லணும். பிரஜைங்களுக்குன்னு சொல்லிட்டதால செகப்பு ஐசி (நிரந்தரவாசி) ஆளுங்க, ஐசி ஒன்னுமே இல்லாத ஆளுங்க நெலம மோசம். தோட்டத்துலயே பொறந்து வளர்ந்து, அம்மா அப்பா கல்யாணத்த பதியாததுனால இன்னும் ஐசி கெடைக்காதவங்க இருக்காங்க. ஐசி இல்லன்னா லெசென் எடுக்க முடியாது, லெசென் இல்லாம வேலைக்கு மோட்டர் ஓட்டுனா டெண்டா, டெண்டா கட்ட நல்ல வேலை வேணும், அதுக்கும் ஐசி வேணும். அவங்களுக்கு லாயருங்க சங்கத்து மையத்த மொதல்ல கேட்டுப் பாருங்க, அந்த ஐசி கேஸையும் கூடவே ஆரம்பிங்க.

பேப்பர் கட்டு

"நான் ஏழை"ன்னு சொல்றது யாருக்கும் புதுசு இல்ல, எல்லாரும் அங்க அததான் சொல்றாங்க. மாஜிஸ்திரேட் ஒரு நாளைக்கு எத்தன பேர் மொகத்த பாக்குறாங்க, அதனால ஒரு பிளாஸ்டிக் பைல்ல இதையெல்லாம் போட்டு எடுத்துட்டுப் போங்க: கடைசி மூனு மாச சம்பளச் சீட்டு (தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட முத்திரை குத்தி வாங்குங்க), பிள்ளைங்க பொறந்த சர்டிபிகேட் காப்பி, எஸ்டிஆர்னு அரசாங்கம் குடுக்குற உதவித் தொகை வந்தா அந்த பக்கத்த பிரிண்ட் எடுத்தது, இ-காசேல (அரசாங்கத்தோட ஏழைங்க பட்டியல்) பேர் இருந்தா அது, ஜேகேஎம் (சமூகநல இலாகா) மாச உதவி லெட்டர், ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டு, சுகர், டயாலிசிஸ்னு ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட் கார்டு. கோயில் தலைவர் லெட்டர்லாம் கேப்பாங்களான்னு கேக்குறாங்க, குடுத்தா தப்பில்ல, ஆனா சம்பளச் சீட்டுக்கு இருக்கிற மதிப்பு அதுக்கு இல்ல. எல்லாத்தையும் ரெண்டு செட்டு ஜெராக்ஸ் எடுங்க, ஒன்னு கோர்ட்டுக்கு, ஒன்னு எதிர்த்தரப்பு அரசாங்க லாயர் டிபிபிக்கு.

கூடவே ஒரு வெள்ளத் தாள்ல மாச வரவு செலவு எழுதுங்க. சம்பளம் 1,700, வாடக அல்லது வீட்டுக் கழிவு, ஸ்கூல் பஸ்ஸு, மோட்டர் தவணை, அரிசி சாமான், அம்மா மருந்து, கடைசியில மிச்சம் 150ன்னு வந்தா, "மாசம் 150 கட்ட முடியும்"னு நீங்க சொல்றதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு. கட்ட முடியாத தொகைய பெருசா சொல்லிடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

உள்ள நிக்கும்போது

எட்டரைக்கே போயிடுங்க. சிலிப்பர், ஷார்ட்ஸ், கையில்லாத பனியன் வேணாம், காலர் சட்ட போடுங்க, கோயிலுக்குப் போற மாதிரி. மலாய் புரியலன்னா தமிழ் ஜுருபாசா (மொழிபெயர்ப்பாளர்) வேணும்னு மொதல்லயே சொல்லுங்க, வெக்கப்பட்டு தலைய ஆட்டிட்டே இருந்தா என்னத்துக்கு ஆட்டுனோம்னே தெரியாம சாலாவ (குற்றத்த) ஒத்துக்கிட்டு வந்துருவோம். செய்யாத தப்ப "சீக்கிரம் முடியட்டும்"னு ஒத்துக்காதீங்க, டெண்டாதானேன்னு நெனைக்கிறது பின்னாடி ரெக்கார்டா நிக்கும், போதைப்பொருள் உட்கொண்ட கேஸ் மாதிரி சிலதுல டெண்டா கட்டின பிறகும் ரெண்டு மூனு வருஷம் கண்காணிப்பு இருக்கு. அந்த போதைப்பொருள் கேஸ்ல, சட்டப் பிரிவு 15(1)(ஏ)ன்னு சொல்வாங்க, டெண்டா 5,000 வெள்ளி வரைக்கும் போகலாம், நம்ம பையன்க நெறைய பேரு அத கட்ட முடியாமதான் உள்ள போறாங்க.

ஒத்துக்கிட்ட பிறகு, தண்டனை சொல்றதுக்கு முன்னாடி, "ஏதாவது சொல்ல இருக்கா"ன்னு கேப்பாங்க. இதுதான் அந்த நேரம். நெறைய பேரு "மிந்தா மாஆப் துவான்" (மன்னிச்சிருங்க ஐயா)னு மட்டும் சொல்லிட்டு தலைய குனிஞ்சிடுறாங்க. மன்னிப்பு கேளுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க, சம்பளம் எவ்ளோ, எத்தன பேர் உங்கள நம்பி இருக்காங்க, முதல் தப்பா, இத மட்டும் மூனு வரியில சொல்லிட்டு பைல நீட்டுங்க. லாயர் இல்லன்னா இத மனப்பாடம் பண்ணிக்குங்க: "துவான், சாயா தாக் மம்பு பாயார் செக்காலி குஸ். சாயா மொஹோன் பாயார் சிச்சாரா அன்சுரான்." ஒரே தடவையில கட்ட முடியல, தவணையா கட்ட விடுங்கன்னு அர்த்தம். பொம்பள மாஜிஸ்திரேட்டுன்னா புவான். தமிழ்லயும் சொல்லலாம், ஜுருபாசா சொல்லிருவாரு, ஆனா நேரா அவங்க காதுல விழுறதுல ஒரு பலன் இருக்குன்னு எனக்குத் தோணும்.

முதல் தப்பு, வயசானவரு, உடம்பு முடியாதவரு, சின்ன விஷயம்னா குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல செக்‌ஷன் 294ன்னு ஒன்னு இருக்கு, தண்டனை போடாம நன்னடத்தைக்கு பாண்டு எழுதி விடலாம். எல்லா கேஸுக்கும் கெடைக்காது, லாயர் இருந்தா அவர கேக்கச் சொல்லுங்க. பதினெட்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைன்னா கேஸே சிறுவர் கோர்ட்டுக்குப் போகணும், அங்க விதி வேற.

டெண்டா போட்டாச்சு, இப்ப?

மாஜிஸ்திரேட் ரெண்டு நம்பர் சொல்வாங்க, எவ்ளோ டெண்டா, கட்டலன்னா எவ்ளோ நாள் ஜெயில். ரெண்டையும் எழுதிக்குங்க, கேஸ் நம்பரோட. ரெண்டு மூனு சார்ஜ் இருந்தா ஒவ்வொன்னுக்கும் தனித்தனி டெண்டா, தனித்தனி ஜெயில் நாள், கட்டலன்னா அந்த நாளெல்லாம் ஒன்னு மேல ஒன்னா ஏறும், இத கவனிக்காம "ஒரு மாசந்தானே"ன்னு வீட்டுல சொல்லிட்டு அப்புறம் திகைச்சுப் போறாங்க.

இங்கதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட செக்‌ஷன் 283 வேலை செய்யுது. கோர்ட் உங்களுக்கு டைம் குடுக்கலாம், குடுத்த டைம நீட்டலாம், தவணையா கட்ட விடலாம், அதுவும் டெண்டா முழுசா கட்டி முடிக்கிற வரைக்கும் எப்ப வேணும்னாலும் இந்த உத்தரவ போடலாம். அதனால முதல் நாள் கேக்க விட்டுப்போயிருந்தாலும் கதவு மூடிடல, லாயர் மூலமா திரும்ப கேக்கலாம். ஆனா இது கோர்ட்டோட விருப்பம், உரிமையில்ல, அதனாலதான் அந்த பைல். தவணை குடுக்கும்போது ஜாமின்காரங்களோட பாண்டு எழுதச் சொல்லலாம், அதனால நிரந்தர வேலை, ஐசி, சம்பளச் சீட்டு உள்ள ஒரு மாமாவோ அண்ணனோ கூட வந்தா நல்லது.

தவணையில ஒன்னு தவறினாலும் மிச்சம் மொத்தமும் உடனே கட்டணும்னு ஆயிடும், கைது வாரன்ட்டும் வரலாம். அதுக்குத்தான் மாசம் 150 முடியும்னா 150ன்னே சொல்லணும், 400ன்னு வீரமா சொல்லிட்டு மழை மாசத்துல செம்பனைக் குலை கொறைஞ்சு சம்பளம் கொறையும்போது மாட்டிக்கக் கூடாது. ஒரு மாசம் முடியலன்னா தேதிக்கு முன்னாடியே போயி சொல்லுங்க.

இன்னொரு வழி பலருக்கும் தெரியறதே இல்ல, பெரிந்தா கெஹாடிரான் வாஜிப் (கட்டாய வருகை உத்தரவு). 1954ல வந்த சட்டம். மூனு மாசத்துக்கு மேல போகாத ஜெயில் தண்டனை வரக்கூடியவங்க, இல்ல டெண்டா கட்ட முடியாம ஜெயிலுக்குப் போக வேண்டியவங்க, இவங்கள ஜெயிலுக்கு பதிலா ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல போகாம, மூனு மாசம் வரைக்கும் பொது வேலை செய்யச் சொல்லலாம். மேற்பார்வ ஜெயில் இலாகா, ஆனா படுக்கிறது நம்ம வீட்டுல, வேலையும் போகாது. கைக்கொழந்த வச்சிருக்கிற அம்மா, தனியா பிள்ளை வளர்க்கிறவங்க, வயசான அப்பாவ பாத்துக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் இத மொதல்லயே கேக்கணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். பேர் சொல்லிக் கேளுங்க. குடுத்தா ஒழுங்கா போகணும், மட்டம் போட்டா திரும்ப கோர்ட்டுக்கு இழுப்பாங்க.

கவுன்டர், நேரம், பணம்

அன்னைக்கே கட்டுறதா இருந்தா நேரம்தான் எதிரி. தண்டனை சொன்ன உடனே ஆள கோர்ட் போலீஸ் உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க, கம்பிக்குப் பின்னால உக்காந்திருப்பாரு, வீட்டு ஆளு பணத்த கட்டி ரெசிட் காட்டுனாதான் கதவு தொறக்கும். சாயங்காலம் லாரி ஜெயிலுக்குக் கெளம்புறதுக்குள்ள கட்டணும். மூனரைக்கு மேல ஒரு அக்கா இடுப்புல கொழந்தையோட, கையில சுருட்டுன ஐம்பது வெள்ளி நோட்டுங்களோட கவுன்டர் கண்ணாடிய தட்டிட்டு இருக்கிற காட்சிய கோர்ட்டுல நிக்கிற எவனும் மறக்க மாட்டான். அதனால காலையிலயே கவுன்டர்ல போயி கேளுங்க, எத்தன மணிக்கு மூடுவீங்க, காசு மட்டுமா கார்டும் எடுப்பீங்களா. வெள்ளிக்கிழமன்னா பேராக்ல ஆபீஸுங்க 12.15லருந்து 2.45 வரைக்கும் ஓய்வு, அந்த நேரத்துல யாரும் இருக்க மாட்டாங்க. ஏடிஎம்ல ஒரு நாளைக்கு எவ்ளோ எடுக்க முடியும்னு முந்தின நாளே பாத்துக்குங்க.

ஜாமினுக்கு கட்டின பணமும் டெண்டாவும் வேற வேற. ஜாமின் பணம் கேஸ் முடிஞ்சா ஜாமின்காரருக்கு திரும்ப வரணும், ஆனா அன்னைக்கே கைக்கு வந்துரும்னு நம்பி வெறுங்கையோட போகாதீங்க.

பணத்துக்கு எங்க போறதுன்னா சொந்தக்காரங்க, கூட்டுச் சீட்டு, கிராணிகிட்ட அட்வான்ஸ், யூனியன் ஆளு, கோயில் கமிட்டி, இந்த வரிசையில பாருங்க. ஆலோங் வேணாம். 2,000 டெண்டாவுக்கு ஆலோங் கிட்ட வாங்கி கதவுல செகப்பு பெயின்ட் வாங்குறதுக்கு தவணை கேட்டு கெஞ்சுறது எவ்ளோ மேல்.

உள்ள போயிட்டாருன்னா

அன்னைக்கே ரெண்டு வேலை. ஒன்னு, தோட்டத்து ஆபீஸுக்கு எழுத்துல சொல்லுங்க, வாட்ஸ்அப்பா இருந்தாலும் பரவால்ல, தேதியோட, ஸ்கிரீன்ஷாட் வச்சுக்குங்க. வேலை காப்பாத்தப்படும்னு உறுதி இல்ல, ஆனா சொல்லாம போனாருன்னு சொல்ல முடியாது. ரெண்டாவது, எந்த ஜெயில்னு கோர்ட் போலீஸ்கிட்ட கேளுங்க, பக்கத்துல தாப்பா ஜெயில் இருக்கேன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, பொம்பளைங்க ரொம்ப தூரம் கூட போகலாம்.

அப்புறம் இது முக்கியம்: உள்ள போன பிறகும் கட்டலாம். கட்டினா அன்னைக்கே தண்டனை முடியும். மொத்தமா கட்டணும்னு கூட இல்ல. 3,000 டெண்டா, இல்லன்னா மூனு மாசம்னு வச்சுக்குங்க, ஒரு மாசம் உள்ள இருந்துட்டாருன்னா அது மூனுல ஒரு பங்குக்கு சரி, மீதி 2,000 கட்டினா வெளிய வரலாம். இப்ப 1,000தான் இருக்குன்னா அதையும் கட்டுங்க, ரெண்டு மாசத்துல வந்துருவாரு. பாதிப் பணத்த வச்சுக்கிட்டு "முழுசா சேரட்டும்"னு காத்திருக்கிறது வீண். கட்டப் போறதுக்கு முன்னாடி ஜெயில் ரெக்கார்ட் யூனிட்டுக்கு போன் அடிச்சு, மிச்சம் எவ்ளோ, எங்க கட்டணும்னு கேட்டுட்டு ஐசி காப்பி, கேஸ் நம்பரோட போங்க.

டெண்டா ரொம்ப அதிகம்னு தோணினா 14 நாளுக்குள்ள அப்பீல் நோட்டீஸ் போடணும். அந்த நாள் தவறிட்டா ஹைகோர்ட்டுக்கு மறுஆய்வு கேட்டு எழுதுற வழி ஒன்னு இருக்கு, லாயர்கிட்ட "ரிவிஷன்"னு சொல்லுங்க.

நம்ம ஊர்லதான் இப்படின்னு நெனைக்காதீங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல 2014ல 22 வயசு பழங்குடிப் பொண்ணு ஒருத்தி கட்டாத அபராதத்துக்காக போலீஸ் காவல்ல இருந்தப்ப உடம்பு முடியாம செத்துப் போயிட்டா, பாக்கி மொத்தம் 3,622 ஆஸ்திரேலிய டாலர். அங்க பெரிய சத்தம் வந்து 2020ல சட்டத்த மாத்துனாங்க. ஜெர்மனியில 2024லருந்து அபராதத்துக்கு பதிலா போற ஜெயில் நாள பாதியாக்கிட்டாங்க. நம்ம பக்கம் இன்னும் யாரும் அவ்ளோ சத்தம் போடல.

முடிஞ்ச பிறகு

ரெசிட்ட போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேர் போன்ல வச்சுக்குங்க, அந்த தாளு ஆறு மாசத்துல வெளுத்துப் போயிடும். பழைய வாரன்ட் இருந்திருந்தா கேன்சல் ஆயிடுச்சான்னு கவுன்டர்ல கேட்டு எழுதி வாங்குங்க, கட்டி முடிச்ச கேஸுக்கு ரோட் பிளாக்ல மறுபடி நிக்க வேணாம். லெசென் கேஸ்னா அடுத்த தடவையும் அதே டெண்டாதான் வரும், அதனால 2022ல ஆரம்பிச்ச மைலெசென் பி2 திட்டத்துல பி40 (வருமானம் கொறைஞ்ச குடும்பத்து) ஆளுங்களுக்கு இலவசமா மோட்டர் லெசென் குடுத்தாங்க, இந்த வருஷம் நம்ம தொகுதியில எடம் இருக்கான்னு ஜேபிஜேலயோ எம்பி ஆபீஸ்லயோ கேட்டுப் பாருங்க, ஐசி காப்பியும் எஸ்டிஆர் பக்கமும்தான் அந்த பைல்லயே இருக்கே.